கண்ணீர் அஞ்சலி பேனரில் உன் முகம்

மகனே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஊருக்கு எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. பெற்றவனுக்கு இதைவிட இனிய வேலை உண்டா என்று நீ கேட்கலாம். ஆனால் சொன்னவுடன் யாரும் நம்பிவிடுவதில்லை. அச்சில் வந்ததை நம்புவதா, அப்பன் சொல்வதை நம்புவதா என்று கொஞ்சம் யோசிக்கிறார்கள். அவர்கள் யோசிக்கிற அந்த அமைதியில் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அதனால்தான் அன்று காலை உன்னைக் கூப்பிட்டேன். "என்னப்பா காலங்காத்தால?" என்றாய். "சும்மாதான்டா" என்றேன். "ஸ்டோர்ஸ்ல எப்படிப் போகுது?" என்று கேட்டேன். "போகுதுப்பா, ஒண்ணும் இல்ல" என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். இரண்டு பேருமே நன்றாகத்தான் பொய் சொன்னோம். போனில் நமக்கு உண்மை வருவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பாவின் அண்ணன் ஆசீர்வாதம் உனக்குத் தெரிந்தவர்தான். நம் கூடத்தில் படமாக மாட்டியிருக்கிறவர். ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன், இந்த விவகாரமே அவருடையது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெரியப்பா குண்டுவீச்சு விமானத்தில் பறந்தார். இரண்டு பேர் மட்டும் ஏறும் விமானம். முன்னால் ஓட்டுபவர், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரர். பெரியப்பா இரண்டாமவர். போகிற இடத்தைப் பார்க்காமல், விட்டுவந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போகிற வேலை. அரக்கான் காடுகளுக்கு மேலே ஒருநாள் தரையிலிருந்து சுட்டதில் அவருக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் பட்டது. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. விமானம் பத்திரமாக இறங்கியது. பெரியப்பாவைக் கல்கத்தாவில் ஒரு ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்கள் கழித்து அங்கே இறந்தார். நம் சபையின் சுவரில் அவருக்காகப் பதித்த சலவைக்கல்லில் 'யுத்தத்தில் பட்ட காயங்களால் மரித்தார்' என்று இருக்கிறது. யாரோ நிதானமான ஆள் எழுதியிருக்கிறார். சண்டையில் மரித்தார் என்று எழுதவில்லை. காயங்களால் என்று எழுதியிருக்கிறார். காயம் பட்டதற்கும் உயிர் போனதற்கும் நடுவில் கொஞ்ச காலம் இருந்தது என்பதை அந்தச் சொல் மறைக்கவில்லை.

ஆண்டுதோறும் அவர் இறந்த நாளை ஒட்டி வரும் ஞாயிறன்று நினைவு ஆராதனை நடப்பதும், குடும்பத்தின் சார்பில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவதும் உனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் என்பது சபை வகுத்த சட்டம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வகுத்தது. அப்பாவுக்குப் பிறகு பேசுகிறவன் நான். வழக்கமாக முப்பது நாற்பது பேர் கேட்பார்கள், அதில் பாதிப்பேர் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பதற்காக வந்தவர்கள். இந்த ஆண்டு அப்படி விடக்கூடாது என்று நம் சபைச் செயலாளர் ஞானதுரை முடிவு செய்துவிட்டார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர். "சார், இந்த வருஷம் கிராண்டா பண்றோம். பெரியப்பா அந்தக் காலத்து ஏர்ஃபோர்ஸ், பையன் இந்தக் காலத்து ஏர்ஃபோர்ஸ். ஒரு கன்டினியூட்டி இருக்கு பாருங்க" என்றார். எனக்கு அந்தக் கன்டினியூட்டி பிடிக்கவில்லை. "அவன் ஸ்டோர்ஸ்ல இருக்கான் சார். ஸ்க்ரூ எண்ணுறான்" என்றேன். "இருக்கட்டும் சார். தேசத்துக்கு ஸ்க்ரூவும் வேணும்" என்றார். அப்புறம், பேனரில் 'காயங்களால்' என்பது நீளமாக இருக்கிறது, 'வீரமரணம்' என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். அதற்காக அவரோடு அரைமணி நேரம் வாதாடி ஜெயித்தேன். படம் எது என்று கேட்க மறந்துவிட்டேன். ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டும் ஆட்களுக்கு இதுதான் கதி.

ஞாயிறு காலை, நான் சட்டைக்குக் கஞ்சி போட்டது அதிகமாகிவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது முதல் போன் வந்தது. நம் ஆட்டோ ஸ்டாண்ட் முருகன்.

"அண்ணா, முருகன் பேசறேண்ணா. தம்பிக்கு இன்னா ஆச்சுண்ணா? சொல்லவே இல்ல, இப்பதான் பாத்துட்டுக் கையும் ஓடல காலும் ஓடல."

"தம்பிக்கு ஒண்ணும் ஆகலப்பா. நல்லா இருக்கான்."

"நல்லா கீறானா? அப்ப பேனர்ல கீறது யாருண்ணா?"

அதற்குள் இன்னொரு அழைப்பு. அப்புறம் இன்னொன்று. உன் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பேசவே முடியாமல் அழுதார். அவரைத் தேற்றிக்கொண்டே செருப்பை மாட்டினேன். உன் அம்மா பூ வாங்கப் போயிருந்தாள். எந்தப் பக்கம் போனாள் என்று தெரியாது. அவளுக்கு முன்னால் நான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும் முனை வரை, இத்தனை வயதில், ஓடினேன். கஞ்சிச் சட்டை டமாரம்போல் சத்தம் போட்டது.

அந்த முனையில் எப்போதும் பேனர்கள் இருக்கும். இடது பக்கம் ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. வலது பக்கம் வட்டச் செயலாளர் ஒருவரின் பிறந்தநாள். நடுவில், எட்டடி உயரத்தில், கறுப்பு வெள்ளையில், நீ. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. குத்துவிளக்கை எடுத்துவிட்டு மூலைக்கொரு புறா போட்டிருந்தார்கள், நாம் கிறிஸ்தவர்கள் என்பதால். சுற்றிலும் சாமந்தி மாலை மட்டும் அப்படியே இருந்தது. கீழே நான் போராடி வாங்கிய சொற்கள் பிழையில்லாமல் இருந்தன: யுத்தத்தில் பட்ட காயங்களால் மரித்தார். பெரியப்பாவின் பெயர் அதற்கும் கீழே, பொடி எழுத்தில். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். இதுவரை நான் பார்த்திராத படம். மகனே, செத்தவன் முகத்தில் அப்பனைப் பார்த்ததுபோல் அப்படி ஒரு சிரிப்பு இருக்கக்கூடாது.

ஞானதுரை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெருமை இருந்தது.

"எப்படி சார்? பழைய படத்தை எட்டடிக்கு இழுத்தா கண்ணு காது பக்கம் போயிடுது. கடைக்காரர் முடியாதுன்னுட்டாரு. அப்பதான் எனக்கு ஸ்ட்ரைக் ஆச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. உங்க பையனோட ஃபிரெண்ட் பிரவீன்கிட்ட யூனிஃபார்ம்ல ஒரு போட்டோ வாங்கி பிளாக் அண்ட் வைட் பண்ணச் சொன்னேன். யாருக்கு சார் தெரியப்போகுது?"

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு சார். என் பையன் செத்துட்டான்னு தெரிஞ்சிருக்கு."

"அப்படியெல்லாம் நெகட்டிவா பேசாதீங்க சார், சண்டேவும் அதுவுமா" என்றார் அவர்.

பேனர்க் கடை பெருங்களத்தூரில். கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் ஆராதனை முடிந்ததும் ஆளை அனுப்புவதாகச் சொன்னார். முருகன் கேட்டுக்கொண்டே நின்றார். "சர்வீஸ் முடியற வரைக்கும் தம்பி இப்டியே தொங்கினு இருக்கணுமா? நீ தள்ளு சார்" என்று ஞானதுரையை ஒதுக்கிவிட்டு, ஆட்டோவைச் சவுக்குக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்தி, அதன்மேல் ஏறிப் பிளேடால் கயிறுகளை அறுத்தார். மேல்பக்கம் முதலில் விடுபட்டதால் நீ மெதுவாகத் தலைகுனிந்து என்மேல் விழுந்தாய். தாங்கிப் பிடித்தேன். உன் சட்டையின் மார்புப் பகுதி என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அங்கே அதைப் பார்த்தேன்.

கூடத்துப் படத்தில் பெரியப்பாவின் மார்பில் இருப்பதுதான். ஒற்றை இறக்கைச் சின்னம். விமானத்தை ஓட்டுபவருக்கு இரண்டு இறக்கை. ஓட்டாமல் உடன் பறப்பவருக்கு ஒன்று. தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ எண்ணுபவருக்கு இறக்கை எதுவும் தருவதில்லை. இதை எனக்குச் சிறுவயதில் அப்பா சொல்லிக் கொடுத்தார். உனக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். வடிவம் கொஞ்சம் மாறியிருக்கலாம். கடைக்காரர் படத்தைத் தெளிவாக்கியதில் மூக்கைவிட இறக்கைதான் துல்லியமாக வந்திருந்தது. அதுவரை என் பயம் ஒரு பேனரைப் பற்றியதாக இருந்தது. கழற்றினால் தீர்ந்துவிடும் பயம். பேனர் கையில் வந்தபின்தான் உண்மையான பயம் தொடங்கியது. பழைய பேனர் என்றால் ஆட்டோவுக்கு மழைப்படுதாவாகக் கட்டுவது வழக்கம். முருகன் வாய்விட்டுக் கேட்டும்விட்டார். கொடுக்கவில்லை. சுருட்டி வீட்டில் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பிரவீன் நம் சபைக் கோயில் வாசலில் நின்றான். என்னைப் பார்த்ததும் ஓடத் தயாரானான். கால்சட்டைப் பையில் மாட்டிய கையை எடுக்க நேரமாகிவிட்டதால் அகப்பட்டான்.

"அங்கிள், சத்தியமா பேனருக்குன்னு தெரியாது. ஸ்லைட் ஷோன்னு சொன்னாரு."

"அதை விடு. அவன் எதுல பறக்கிறான்?"

"ஐயோ அங்கிள். நான் எதுவும் சொல்லல."

"நீ சொல்லலடா. அவன் சட்டை சொல்லிடுச்சு. எதுல?"

அவன் கோயில் கோபுரத்தைப் பார்த்தான். உதவி வரவில்லை. "ஹெலிகாப்டர் அங்கிள். பின்னாடி, கதவுகிட்ட உக்காருவான். போன வருஷமே வாலன்டியர் பண்ணிட்டான். யாராச்சும் கேட்டா ஸ்டோர்ஸ்னு சொல்லு மச்சான், அம்மா தாங்க மாட்டாங்க, அப்பாவுக்கு பிபி இருக்குன்னு சொல்லி வச்சான். நானும் சொல்லிக்கினே இருந்தேன்."

போன வருஷமே. அதாவது உன் அம்மா மாதர் சங்கத்தில் "ஏசி ரூம், கம்ப்யூட்டர் வேலை, வெயில்ல நிக்கறதே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ மலைகளுக்கு நடுவே திறந்த கதவோரம் உட்கார்ந்திருந்தாய். உனக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று அவள் கேட்டபோது, ஸ்டோர்ஸில் குளிர்சாதனம் கடுமை என்று நான்தான் விளக்கம் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய்; திருத்தவில்லை.

ஆராதனையில் என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த ஐந்து நிமிடம் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. உன் அம்மா மூன்றாவது வரிசையில், தலையில் புதுப் பூவோடு, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பெரியப்பாவைப் பற்றி எல்லாரும் ஆகாயத்தில் நடந்ததைப் பேசுகிறோம், இன்று கட்டிலில் நடந்ததைப் பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். உனக்கும் இதை முழுதாகச் சொன்னதில்லை. நம் வீட்டில் இது ரகசியம் ஒன்றும் கிடையாது; கேட்க ஒருமாதிரி இருக்கும் என்று யாரும் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா கல்கத்தாவில் கிடந்தபோது, அவருடைய படைப்பிரிவில் விமானம் பழுதுபார்க்கும் ஒருவர் விடுமுறையில் தாம்பரம் வந்தார். குரோம்பேட்டைக்காரர். நேரே வீட்டுக்கு வந்து, "தம்பிக்குக் கால்ல சின்னக் கீறல். ஆஸ்பத்திரியில நல்ல சாப்பாடு, குண்டாயிட்டான். நீங்க யாரும் அலைய வேணாம்னு சொன்னான்" என்றார். வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். அவர் திரும்பிப் போகும்போது ஒரு டின் நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார்கள். என் தாத்தா ரயில்வேயில் கார்டு. கல்கத்தா வரை போக அவருக்கு இலவச பாஸ் உண்டு. போகலாமா என்று ஒருமுறை கேட்டாராம். சின்னக் கீறலுக்கு எதற்கு லீவு என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டாராம். மெயில் வண்டியில் போயிருந்தால் இரண்டாம் நாள் மகனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். தந்தி வரும்வரை தாத்தா மற்றவர்களுடைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கும் எழும்பூருக்கும் பச்சைக் கொடி காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரோம்பேட்டைக்காரர் பிற்பாடு ஆண்டுதோறும் நினைவு ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். நான் கல்லூரியில் படித்தபோது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் என்னப்பா பண்ணுவேன்? அவன்தான் சொல்லச் சொன்னான். கட்டிலப் புடிச்சுக்கினு, சரியாச் சொல்லுவியான்னு என்னை ரெண்டு தடவை சொல்ல வெச்சுப் பாத்தான். அழுவாம சொல்லுன்னான். வலியில பல்லக் கடிச்சுக்கினு, வூட்ல யாரும் கலங்கக் கூடாதுன்றான். செத்துக்கினு இருக்கிறவன் கேக்கறான், முடியாதுன்னு சொல்வியா நீ?" என்றார். பிறகு ஒன்று சொன்னார். அவர் முறுக்கு டின்னோடு திரும்பிப் போனபோது பெரியப்பா இன்னும் உயிரோடு இருந்தார். டின்னைத் திறக்கவில்லை. "அப்பா வரலையா?" என்று மட்டும் கேட்டாராம். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர்தான் அப்படிக் கேட்டார்.

இதைச் சபையில் சொல்லி முடித்தபோது ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. யாரும் கைக்கடிகாரம் பார்க்கவில்லை. ஞானதுரை மூக்கைச் சிந்தினார். உன் அம்மா மட்டும் அசையாமல் இருந்தாள். அவள் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அந்த மொழி பாதிதான் தெரியும்.

மகனே, நம் குடும்பத்தில் யாருக்கும் மூட்டுவலி பரம்பரையாக வரவில்லை, சர்க்கரை வரவில்லை, இது வந்திருக்கிறது. ஒரு பொங்கலுக்கு முன்தினம் பெருங்களத்தூர் நெரிசலில் உன் பைக்கை ஒரு பஸ் தட்டியபோது, நீ தோளெலும்பு விலகி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, கோவளத்தில் ஃபிரெண்ட் வீட்டில் மீன் சாப்பிடுவதாக எங்களுக்குச் சொன்னாய். வறுவலா குழம்பா என்று அம்மா கேட்டதற்கு வறுவல் என்று பதிலும் சொன்னாய். நாங்களும் சளைத்தவர்கள் அல்ல. உன் கடைசி வருடப் பரீட்சையின்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. உன்னிடம் அவள் மாதர் சங்கத்தோடு வேளாங்கண்ணி போயிருப்பதாகச் சொன்னேன். நாம் வேளாங்கண்ணி போகிற சபையே கிடையாது என்பதுகூட உனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு இயல்பாகச் சொன்னேன். இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர் பாசம். ஒருவர் எவ்வளவு தாங்குவார் என்று அவரைக் கேட்காமலே நாம் தீர்மானிக்கிறோம். எப்போதும் குறைவாகவே தீர்மானிக்கிறோம்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். போகாதே என்று எழுத ஆசைதான். எழுத மாட்டேன். நீ கேட்காமல் போய்விடுவாய் என்று பயமில்லை. கேட்டுவிடுவாயோ என்றுதான் பயம். அப்புறம் நீ இங்கேயே ஏதாவது ஏசி அறையில் உட்கார்ந்து, சாயங்காலம் வீடு திரும்பி, மேலே ஒரு சத்தம் கேட்டதும் சோற்றிலிருந்து தலையைத் தூக்குவாய். அதை எதிரே உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. போ. கதவோரம் உட்கார். உன்னைக் கட்டியிருக்கும் பட்டையை யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பாமல் நீயே இழுத்துப் பார். நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரும்புலியூரில் உட்கார்ந்துகொண்டு, நீ இருக்கும் இடத்தில், பிரம்மபுத்திராவுக்கு அந்தப் பக்கம், மேகம் எப்படி இருக்கிறது என்று செல்போனில் பார்க்கிறேன். இங்கே மழை கொட்டினால் குடை இல்லாமல் போய் நனைந்து வருகிறேன். டிவியில் 'ஹெலி' என்ற எழுத்துகள் ஓடினாலே சேனலை மாற்றுகிறேன். மாற்றிய பிறகு, என்ன செய்தியாக இருந்திருக்கும் என்று திரும்ப அதே சேனலுக்கு வருகிறேன். அதற்குள் நகை விளம்பரம் வந்துவிடுகிறது. இதெல்லாம் என் தொல்லை. இதை நீ தீர்க்க முடியாது, தீர்க்கவும் வேண்டாம்.

உன்னால் முடிந்தது ஒன்று இருக்கிறது. அடிபட்டால் அன்றைக்கே சொல். சின்னக் கீறலா பெரிய கீறலா என்று நீ தரம் பிரிக்காதே. நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம். வர வேண்டாம் என்று ஒருவரிடமும் சொல்லி அனுப்பாதே, பிரவீனிடம் வேண்டவே வேண்டாம், அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கிறது. நாங்கள் அழுவோம். உன் அம்மா சத்தமாக அழுவாள், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்கும். எனக்கு பிபி ஏறினால் அங்கேயே இன்னொரு கட்டில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அது எங்கள் உரிமை. பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரும் உரிமையை, நாங்கள் கலங்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் நீ எங்களிடமிருந்து எடுத்துவிடாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நடந்துவிட்டது. இந்தக் கடிதத்தின் கடைசியில், நீ பறப்பதை அம்மாவிடம் நீயே சொல், சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டி வரும், எனக்கு நல்லவிதமாகச் சொல்லத் தெரியாது என்று மிரட்டுவதாக இருந்தேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"யாருக்கு இவ்ளோ நீளமா?"

"உனக்கில்ல."

"அவனுக்குத்தானே. பறக்கறதைப் பத்தியா?"

பேனாவை மூடினேன், திறந்தேன். "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. காலைல பூ வாங்கப் போனப்பவே பேனரைப் பாத்துட்டேன். உங்க பெரியப்பா படத்தை சனிக்கிழமை சனிக்கிழமை துடைக்கறது யாரு, நீங்களா? எனக்கு அந்த இறக்கை தெரியாதா?"

"பாத்துட்டு என்ன பண்ண?"

"பூ வாங்கினேன். கனகாம்பரம் இல்லன்னுட்டா, மல்லி வாங்கினேன்." காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "கடைக்காரம்மா ஸ்டூல் போட்டா. கொஞ்சம் உக்காந்துட்டு வந்தேன்" என்றாள்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"உங்களுக்கு பிபி இருக்கே" என்றாள் உன் அம்மா.

அப்படியாக, மகனே, ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே செய்தியை, ஒருவருக்கொருவர் தெரியாமல் நாலு நாள் பாதுகாத்து வந்திருக்கிறோம். எழுந்து போகும்போது கதவருகில் நின்று ஒன்று சொன்னாள். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட எழுதாதீங்க. பாவம், நான் பயப்படுவேன்னு மறைச்சு வச்சிருக்கான். மறைச்ச மாதிரியே இருக்கட்டும். சந்தோஷமா போயிட்டு வரட்டும்." இத்தனை வருடத்தில் அவள் சொல்லை நான் மீறியது குறைவு. இதை மீறுகிறேன். அவளுக்குத் தெரியும். நாலு நாளாகத் தூங்கவில்லை. தூங்குவதுபோல் எனக்காகப் புரண்டு படுக்காமல் இருக்கிறாள்.

அடுத்த வாரம் நீ லீவில் வருகிற வண்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வருகிறோம். நீ இறங்கியதும் அவள் பையைப் பிடுங்குவாள். "என்னடா இப்படி இளைச்சிருக்க" என்பாள். நீ வழக்கம்போல் "ஒண்ணும் இல்லம்மா" என்று ஆரம்பிப்பாய். அந்த இடத்தில் நிறுத்து. வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போடாதே; நம் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் எதையும் சொன்னதாக நினைவில்லை. பிளாட்பாரத்திலேயே, கூட்டத்துக்கு நடுவிலேயே, அவளைப் பார்த்துச் சொல். அவள் ஒன்றும் தெரியாதவள்போல் திடுக்கிட்டுக் காட்டுவாள். நம்பிவிடாதே. தொடர்ந்து சொல், முழுதாகச் சொல். வண்டி போய் கூட்டம் கலைந்தாலும் பரவாயில்லை, நாங்கள் அங்கேயே நின்று கேட்கிறோம்.

உன் அப்பா